முதல் தனிப் பயணம்



கல்லூரிகள் திறக்கும் பருவத்தில் புது தில்லி ரயில் நிலையத்திற்குச் சென்று, தென்னாட்டிலிருந்து வரும் வண்டி நிற்கும் மேடையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பெட்டியும் படுக்கையுமாக இறங்கும் மாணவர்களையும் மாணவிகளையும் காண்பீர்கள். அவர்கள் கையில் ஊறுகாய் ஜாடி இருக்கும். பருப்புப் பொடிப் பொட்டலம் இருக்கும். பக்கத்திலே கவலை தோய்ந்த முகத்தோடு தந்தையோ தமையனோ நிற்பார். இத்தனை தூரம் வந்துவிட்டதால் அந்தப் பிள்ளை தனியே பயணம் செய்யக் கற்றுவிட்டான் என்று சொல்ல முடியுமா? முடியாது. டிக்கெட் வாங்கியவர் தந்தை. தங்குமிடம் முன்கூட்டியே ஏற்பாடாகிவிட்டது. கரோல்பாக்கிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ உறவினர் ஒருவர் சாம்பாரும் சாதமுமாகக் காத்திருக்கிறார். இது பிறர் நடத்தி வைக்கும் பயணம்.

உண்மையான முதல் பயணம் சில மாதங்கள் கழித்து வருகிறது. இரண்டு நாள் விடுமுறை கிடைக்கிறது. கையில் கொஞ்சம் பணம் மிச்சமிருக்கிறது. 'நாம் மட்டும் ஓர் ஊருக்குப் போய் வந்தால் என்ன?' என்ற எண்ணம் பிறக்கிறது. ஊரைத் தேர்ந்தெடுப்பதும், டிக்கெட் வாங்குவதும், தவறினால் அல்லல்படுவதும் தானேயாக ஒருவன் புறப்படுகிறானே, அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

இத்தகைய பயணங்களில் மிகவும் புகழ்பெற்ற ஒன்றை, அதைச் செய்தவரே தம் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறியபோது அவருக்கு வயது பத்தொன்பது நிறையவில்லை. மதுவையும் மாமிசத்தையும் பரஸ்திரீயையும் தீண்டுவதில்லை என்று தாய்க்கு வாக்களித்துவிட்டுப் புறப்பட்டவர் அவர். லண்டனில் சட்டம் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே தென் கடற்கரையிலுள்ள பிரைட்டன் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தார். உணவுப் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது முழுவதும் பிரெஞ்சு மொழியில் இருந்தது! எந்தப் பண்டத்தில் மாமிசம் கலந்திருக்கிறது, எதில் கலக்கவில்லை என்பதை எப்படி அறிவது? தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு தவித்த அந்த இளைஞரை, அதே மேசையில் அமர்ந்திருந்த ஒரு முதிய விதவைப் பெண்மணி கவனித்தார். தாமாகவே பேச்சுக் கொடுத்து, பட்டியலை விளக்கி, அவர் உண்ணக் கூடியவற்றைக் காட்டினார். பயணத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் செல்வம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: முன்பின் அறியாத ஒருவருடைய கருணையாக.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த அறிமுகம் நட்பாக வளர்ந்தது. லண்டனுக்குத் திரும்பிய பிறகு, ஞாயிறுதோறும் தம் வீட்டில் விருந்துண்ண வருமாறு அம்மூதாட்டி அழைத்தார். இளம் பெண்களை அறிமுகம் செய்துவைத்தார். அவர் வீட்டில் இருந்த ஒரு பெண்ணோடு காந்தியைப் பேசவிட்டு, தாம் எழுந்து போய்விடுவார். கூச்ச சுபாவமுள்ள அந்த மாணவருக்கும் நாளடைவில் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்ற ஆவல் உண்டாயிற்று. அக்காலத்தில் இங்கிலாந்தில் படித்த இந்திய மாணவர்களிற் பலர், தங்களுக்குச் சிறு வயதிலேயே மணமாகிவிட்டது என்பதைச் சொல்ல நாணி, பிரம்மசாரிகள் போலவே நடந்துகொண்டார்கள். காந்தியும் அப்படியே இருந்துவிட்டார். ஊரில் கஸ்தூரிபாய் இருந்தார். ஒரு மகனும் இருந்தான். இங்கே அந்த மூதாட்டியோ வேறு விதமாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார் போலத் தோன்றியது.

காந்தி என்ன செய்தார்? ஒரு கடிதம் எழுதினார். எழுதி எழுதித் திருத்தினார். தமக்குச் சிறு வயதிலேயே மணமாகிவிட்டது என்பதையும், ஒரு மகனுக்குத் தந்தை என்பதையும், இவற்றை இதுநாள் வரை மறைத்தது தவறு என்பதையும் ஒப்புக்கொண்டு அனுப்பிவிட்டார். உடனே பதில் வந்தது. தானும் அந்தப் பெண்ணும் கடிதத்தைப் படித்துவிட்டு மனம் விட்டுச் சிரித்ததாகவும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசியம் வர வேண்டும் என்றும் மூதாட்டி எழுதியிருந்தார். சத்திய சோதனை என்னும் நூலில் இந்த நிகழ்ச்சிக்குத் தனி இடம் தந்திருக்கிறார் காந்தியடிகள். வீட்டில் இருக்கும்போது நாம் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை மறைக்க வழியில்லை. அந்நிய ஊரில் நாமே சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. தனிப் பயணத்தின் சுதந்தரமும் அதன் ஆபத்தும் இந்த ஓர் இடத்தில்தான் சந்திக்கின்றன.

பாரிஸ் நகருக்கு அவர் சென்று வந்த கதையும் நமக்குப் பயன்படும். பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1889-இல் பாரிஸில் ஒரு மாபெரும் கண்காட்சி நடைபெற்றது. காந்தியடிகள் அதை 1890 என்று தம் நினைவிலிருந்து எழுதியிருக்கிறார். அந்தக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டதே ஏறக்குறைய ஆயிரம் அடி உயரமுள்ள ஈபெல் இரும்புக் கோபுரம். பாரிஸில் சைவ உணவு விடுதி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கேயே அறை எடுத்து ஏழு நாட்கள் தங்கினார். வண்டிச் செலவைக் குறைப்பதற்காக, கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடந்தே ஊரைச் சுற்றினார். லண்டனிலும் அவர் அப்படித்தான்: பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை என்று காசு காசாகக் கணக்கெழுதி, இரவில் படுக்கப் போகுமுன் இருப்பைச் சரி பார்த்துவிடுவார்.

அவ்வளவு சிக்கனமானவர், ஈபெல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்த உணவு விடுதியில் ஒரு வேளைச் சாப்பாட்டிற்கு ஏழு ஷில்லிங் செலவழித்தார்! உயரத்திலே உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் திருப்திக்காகவே அந்தப் பணத்தை வீசி எறிந்ததாக அவரே எழுதுகிறார். கண்காட்சியைப் பற்றி அதன் பரப்பையும் பல்வகைமையையும் தவிர வேறொன்றும் பின்னாளில் அவர் நினைவில் நிற்கவில்லை. நாட்ரடாம் முதலிய பழைய தேவாலயங்களின் அமைதியும், மேரி அன்னையின் உருவத்தின் முன் மண்டியிட்டு வணங்கியவர்களின் முகங்களும் மனத்தை விட்டு நீங்கவில்லை. எதைப் பார்க்கப் போனாரோ அது மறந்துவிட்டது. எதிர்பாராமல் கண்டது நிலைத்துவிட்டது.

நம் தமிழ் மக்களிலிருந்தும் ஓர் உதாரணம் கூறுகிறேன். வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு அவர் ஒரு வகையில் மிக நெருங்கியவர். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தார். தந்தை ரயில்வேக் கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்ததால் குடும்பம் அங்கே இருந்தது. உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் சென்ற தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930 ஜூலை 31-இல் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்போது தாயார் சீதாலக்ஷ்மி கடும் நோயுற்றிருந்தார். மகனைத் தடுத்து நிறுத்தக் கூடியவர் அவர் ஒருவரே. போய் வா என்று வற்புறுத்தியவரும் அவரே. அந்தக் கப்பற் பயணத்தின்போதுதான், அணைந்துபோகும் விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்னும் கணக்கை அந்தப் பத்தொன்பது வயது இளைஞர் போட்டுப் பார்த்தார்.

கேம்பிரிட்ஜில் முதல் ஆண்டு முடியும் தறுவாயில், 1931 மே மாதத்தில், தாயார் மறைந்த செய்தி வந்தது. அந்தத் துயரத்தோடு கோடையில் அவர் ஜெர்மனியிலுள்ள கெட்டிங்கனுக்குப் புறப்பட்டார். அங்கே மாக்ஸ் பார்ன் என்னும் பேரறிஞரின் ஆராய்ச்சிக் கழகம் இருந்தது. அடுத்த ஆண்டு, டிராக் அளித்த யோசனையின்படி, நீல்ஸ் போர் இருந்த கோபன்ஹேகனுக்குச் சென்றார். இவை கண்காட்சி காணும் பயணங்கள் அல்ல. எந்த ஆசிரியரிடம் போவது, எதைக் கற்பது என்று மாணவனே தன் பாதையைத் தேடிய பயணங்கள். 1983-இல் நோபெல் பரிசு பெற்றபோது உலகம் நினைவுகூர்ந்தது, அன்று கப்பலில் தொடங்கிய ஆராய்ச்சியைத்தான். 1968-இல் அவர் புது தில்லிக்கு வந்து நேரு நினைவுச் சொற்பொழிவு நிகழ்த்தினார். வான நூலுக்கும் மனித நாகரிகத்திற்கும் உள்ள தொடர்பே அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

ஆண் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த ஜானகி அம்மாள் 1920-களிலேயே உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்திற்குச் சென்று, 1931-இல் தாவர இயலில் டாக்டர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஒரு பெண் கடல் கடந்து தனியே படிக்கச் செல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்திற்கே விட்டுவிடுகிறேன்.

பெரியவர்களைப் பற்றிப் பேசிய வாயால் என்னைப் பற்றிப் பேசுவது தகாதுதான். எனினும், இந்தப் பொருளில் எனக்குப் பாடம் கற்பித்தது புத்தகம் அன்று, என் தகப்பனார். ஆகையால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1972-இல் நான் தில்லியில் மாணவனாக இருந்தேன். என் தகப்பனார் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியர். மாதந்தோறும் அவர் அனுப்பும் பணத்திற்கு ஒரே ஒரு நிபந்தனை: மாதம் முடிந்ததும், தேதி வாரியாகச் செலவுக் கணக்கை எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் யாரிடமும் சொல்லாமல் ஆக்ராவுக்குப் புறப்பட்டேன். காலையில் தில்லியிலிருந்து சென்று, தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு, இரவுக்குள் திரும்பி வர வசதியாக 1964 முதல் தாஜ் எக்ஸ்பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. வடமதுரை என்று நம் முன்னோர் வழங்கிய மதுராவைக் கடந்தபோது, ஊர் மதுரையை நினைத்துக்கொண்டு எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

தாஜ்மகாலோடு திருப்தி அடைந்திருந்தால் வம்பில்லை. அங்கே ஒருவர் பதேபூர் சிக்ரியைப் பற்றிப் புகழ்ந்து பேசியதைக் கேட்டு, பஸ் ஏறிவிட்டேன். முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். அக்பர் 1571-இல் எழுப்பத் தொடங்கி, பதினைந்து ஆண்டுகள்கூட நிலையாக வாழாமல் விட்டுச் சென்ற அந்தச் செங்கல் நிறக் கல் நகரத்தில், சலீம் சிஷ்டியின் வெண்பளிங்குச் சமாதியின் எதிரே உட்கார்ந்தவன் நேரத்தை மறந்தேன். திரும்பும் பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. நான் ஆக்ரா கன்டோன்மென்ட் நிலையத்தை அடைந்தபோது தில்லி வண்டி போய்விட்டிருந்தது.

பையிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்தேன். மறுநாள் காலை வண்டிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கப் போதும். இரவுச் சாப்பாடும் சாப்பிட்டால் போதாது. அப்போது என் ஹிந்தி, இலக்கணப் புத்தகத்தின் ஐந்தாவது பாடத்தைத் தாண்டாதது. மேடையில் நின்ற ஒரு முதிய சுமைகூலியிடம் வாய்ச் சொல்லாலும் கைச் சாடையாலும் நிலைமையை விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காற்று அடிக்காத ஒரு மூலையைக் காட்டி அங்கே படுக்கச் சொன்னார். விடியற்காலையில் அவரே வந்து தோளைத் தட்டி எழுப்பி, வண்டி நிற்கும் மேடையையும் காட்டிவிட்டார். நான் நீட்டிய நாணயத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் காசில்தான் காலையில் ஒரு தேநீர் குடித்தேன்.

விடுதிக்குத் திரும்பியதும் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். தாஜ்மகாலின் அழகை ஒரு பக்கம் வருணித்தேன். சௌக்கியமாகப் போய் வந்தேன் என்று முடித்தேன். வண்டி தவறியதையும் குளிரில் மேடையில் படுத்ததையும் எழுதவில்லை. வீணாகக் கவலைப்படுவார்களே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், இனி எங்கும் போகாதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். மாத முடிவில் வழக்கம்போல் கணக்கையும் அனுப்பினேன்.

தகப்பனாரிடமிருந்து இன்லண்டு கடிதம் வந்தது. சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார். ஆக்ரா போன அன்று இரவு உணவுக்குக் கணக்கில் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் தேதியில் ஆக்ரா ஸ்டேஷன் தேநீர் என்று எழுதியிருக்கிறாய். அதன் கீழே இன்னொரு டிக்கெட் இருக்கிறது. இரவு எங்கே இருந்தாய்? பசியோடு படுத்தாயா? இவ்வளவுதான் கேள்வி. போனதற்குக் கோபம் இல்லை. மறைத்ததற்கும் கண்டிப்பு இல்லை. கடைசி வரியில், இனி எங்கே போனாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் திரும்பும் வண்டிக்கும் உரிய பணத்தைத் தனியே முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி, அடுத்த மாதத்திலிருந்து ஐந்து ரூபாய் கூட்டி அனுப்பினார்.

நேயர்களே, அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உண்டான வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை. எண்களை எழுதினால் எண்கள் மட்டுமே தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். எழுதாமல் விட்ட ஒரு வேளைச் சாப்பாட்டில் மகனுடைய பசியை அவர் படித்துவிட்டார். அன்றிரவே நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். அதன்பிறகு படிப்பு முடியும் வரை நான் பல ஊர்களுக்குத் தனியே போனேன். அவர் ஒருமுறையும் தடுத்ததில்லை; நான் ஒருமுறையும் மறைத்ததில்லை. பின்னாளில் சத்திய சோதனையில் பிரைட்டன் கதையைப் படித்தபோது, அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தில்லியிலிருந்து ஆக்ராவுக்கு இரண்டு மணி நேரத்திற்குள் சென்றுவிடும் கதிமான் எக்ஸ்பிரஸ் 2016-இல் வந்தது. பிள்ளைகளின் கையிலே தொலைபேசி இருக்கிறது. அதிலேயே வரைபடமும் பணமும் இருக்கின்றன. எந்தத் தெருவில் நிற்கிறான் என்பதைக்கூடப் பெற்றோர் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இவையெல்லாம் நன்மைகளே, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளுக்குப் பெரிய ஆறுதல். ஆயினும், பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதைக் கருவி சொல்லிவிடும். எப்படி இருக்கிறான் என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும் வரையில் அவன் சொல்லமாட்டான்.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. நாம் ஒரு காலத்தில் துணிந்து ஊரை விட்டு வந்தவர்கள். வந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் அமைத்துக்கொண்டோம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம் 1923-ஆம் ஆண்டு. கோவில்களும் சங்கங்களும் கண்டோம். இத்தனை பாதுகாப்பும் நல்லதே. ஆனால் நாம் அடைந்த துணிவை நம் மக்களுக்கு மறுத்துவிடக் கூடாது. பிள்ளை முதன்முதலாகத் தனியே போகிறேன் என்று சொல்லும்போது, திரும்பும் டிக்கெட்டுக்கும் ஒரு வேளை உணவுக்கும் தனியே பணம் கொடுங்கள். வழியில் தெரிந்தவர் ஒருவருடைய முகவரியைக் குறித்துக் கொடுங்கள். எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல், கோபித்துக்கொள்ளமாட்டோம் என்று ஒரு வார்த்தையும் கொடுங்கள். அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

தில்லி மிருகக்காட்சி சாலைக்குள் ஒரு பழைய தூண் நிற்கிறது. விலங்குகளைப் பார்க்கும் அவசரத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. அது ஒரு கோஸ் மினார். மொகலாயர் காலத்துப் பெருவழிகளில், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக, முப்பது அடி உயரத்திற்கு இத்தகைய தூண்களை எழுப்பியிருந்தார்கள். ஆக்ரா செல்லும் பழைய சாலையை ஒட்டி இன்னும் பல நிற்கின்றன. அவை வழிப்போக்கனோடு கூட நடந்து செல்வதில்லை. அவனைத் தடுப்பதும் இல்லை. இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், சரியான பாதையில்தான் இருக்கிறாய் என்று தொலைவிலிருந்தே தெரியும்படி நிற்கின்றன. முதன்முதலாகத் தனியே புறப்படும் பிள்ளைக்குப் பெற்றோர் அப்படி நின்றால் போதும்.